கோலார் தங்கவயல்: மறுசீரமைப்பின் முதற்படி வீட்டுரிமை

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் பணியைத் தொடங்கியது. சுரங்கத்தினுள் இறங்கியோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தலித்துகள். அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். தொழிலாளர்களுக்கு ‘லைன்’ எனப்பட்ட நெருக்கமான வரிசைக் குடில்கள்.

அந்த நெரிசலிலும் மக்கள் தமக்கான பொதுவாழ்வைத் தாமே கட்டியெழுப்பினர். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவருடைய நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்தது.

2001 பிப்ரவரி 28 அன்று பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, சயனைடு கலந்த கழிவு மண்மேடுகள் எஞ்சின. பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

லைன் வீடுகளுக்கு உரிமை வேண்டும் என்பது முன்னாள் தொழிலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. உரிமைப் பத்திரம் இல்லாத வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெறவோ, நம்பிக்கையுடன் திருத்திக் கட்டவோ இயலாது. ஆகவே மறுசீரமைப்பு என்பது முதலில் வீட்டுரிமை. அடுத்து மண்மேடுகளின் தூசியைத் தடுத்தல். அதன்பின் குடியிருப்போரே முடிவெடுக்கும் திட்டம். இவ்வரிசை மாறினால், சீரமைப்பு என்பது வெளியேற்றத்தின் மறுபெயராகிவிடும்.