ஊதியக் கணினியில் சாதிப் பிரிவு: 2021 தரும் பாடம்

நூறு நாள் வேலைக்கான ஊதியத்தை 15 நாள்களுக்குள் வழங்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. தொழிலாளரைச் சாதிவாரியாகப் பிரிக்கவில்லை. ஆயினும் 2021 மார்ச்சில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிறர் என ஊதியத்தை மூன்று பிரிவுகளாக வழங்குமாறு ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஒவ்வொரு பிரிவினருக்கும் சென்ற நிதியைத் தனித்துக் காட்டுவதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விளைவாக, ஒரே வருகைப் பதிவேட்டுக்கான நிதி மாற்று ஆணை மூன்றாகப் பிரிந்தது; ஒரே இடத்தில் மண் வெட்டியோர் வெவ்வேறு நாள்களில் கூலி பெற்றனர். எதிர்ப்பு எழுந்தபின் அவ்வாண்டிலேயே அம்முறை கைவிடப்பட்டது.

சராசரித் தாமதத்தை மட்டும் அளக்கும் மின்னாளுகை ஆய்வு இந்தப் பாகுபாட்டைக் காணாது. யாருக்கு, எந்தக் கணக்குத் தலைப்பில், எத்தனை நாள் தாமதம் என்பதே ஆய்வாளரின் முதற்கேள்வியாதல் வேண்டும். தாமதத்திற்கு இழப்பீடு கோரும் சட்ட உரிமையும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.