காலியாக இருந்த சைக்கிள் பை

திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகை என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று, சிப்காட் வளாகத்தில் லாரி, பஸ்களுக்கான ரேடியல் டயர்களைச் செய்யும் பிரெஞ்சு நிறுவனமான மிஷ்லினின் தொழிற்சாலை. மற்றொன்று, கண்ணன்கோட்டையையும் இந்த ஊரையும் சேர்த்துக் கட்டி 2020 நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம். ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலம் சிப்காட்டுக்குப் போனபோது, ஆடுமாடு மேய்த்தும் காட்டை நம்பியும் வாழ்ந்த ஊர்மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். 2012-இல் அவர்களுடைய முறையீடு பிரான்ஸ் வரை போனது. அது தனியே எழுத வேண்டிய வரலாறு. ஆனாலும் இந்த ஊரைப் பற்றி எதை எழுதினாலும் அதைச் சொல்லாமல் கடந்துபோவது நியாயமில்லை. இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறோர் இழை. லாரி டயர் செய்யும் அந்த நிறுவனம் டயர்த் தொழிலுக்குள் வந்ததே ஒரு சைக்கிள் பஞ்சரால்தான். சைக்கிளில் வெளியூர் கிளம்புகிறவர் என்னென்ன கருவிகள், உதிரிகள் எடுத்துப்போக வேண்டும் என்ற சின்னக் கேள்விக்கும் அந்தப் பஞ்சருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வண்டியைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். வழியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், வரலாறு நெடுக அப்படித்தான் நடந்திருக்கிறது என்பது என் வாதம்.

காற்றடைத்த டயரை 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். சவாரி சுகமானது, கூடவே பஞ்சர் என்ற புதுத் தொல்லையும் பிறந்தது. அந்த டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 1889-இல் பிரான்சின் க்ளெர்மோன்-ஃபெரான் நகரில், ரப்பர் பொருள்கள் செய்துகொண்டிருந்த மிஷ்லின் பட்டறைக்கு ஒருவர் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயரைப் பிரித்துச் சரிசெய்ய மூன்று மணி நேரம் பிடித்தது. பசை காய ஓர் இரவு போனது. மறுநாள், பட்டறையை நடத்திய சகோதரர்களில் ஒருவரான எடுவார் மிஷ்லின் அதை ஓட்டிப் பார்த்தபோது சில நூறு மீட்டரிலேயே காற்று இறங்கிவிட்டது. எளிதில் கழற்றி மாட்டும்படியான டயருக்கு அவர்கள் 1891-இல் காப்புரிமை வாங்கியது இதன் விளைவு. அதே ஆண்டு செப்டம்பரில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரோடு 72 மணி நேரத்துக்குள் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு பாரிசிலிருந்து தங்கள் ஊருக்கே ஒரு பந்தயம் நடத்திய மிஷ்லின் சகோதரர்கள், பாதையில் ஆணிகளைத் தூவிவைத்தார்கள். பஞ்சரானாலும் ஓட்டுகிறவரே வழியில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ள முடியும் என்று காட்டுவதற்காகத்தான் அந்த ஆணிகள். அந்த டயரின் வெற்றியே ஓட்டுகிறவரிடம் கருவி இருப்பதை நம்பியிருந்தது. அந்நாள் ஐரோப்பிய வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் ஒரு தோல்பை தொங்கும். அதற்குள் ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி, ஒட்டுப்போடும் சாமான்கள் இருக்கும். வழியில் இருந்த கொல்லனுக்கும் வண்டி செய்கிறவனுக்கும் சைக்கிள் புதுசு. உதவி கேட்க ஆள் இல்லை. பந்தயங்களிலோ, உதவி கிடைக்கும் இடத்தில்கூட வாங்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. 1913 டூர் தெ பிரான்சில் முன்சக்கர ஃபோர்க் உடைந்துபோன யூஜென் கிறிஸ்தோஃப், வண்டியைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி, ஒரு கொல்லன் உலையில் தானே அதை அடித்து ஒட்டினார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள்.

நம் நாட்டுக்கும் சைக்கிள் முதலில் இங்கிலாந்திலிருந்து கப்பலில்தான் வந்தது. ஆனால் இங்கே கதை வேறு பக்கம் திரும்பியது. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் இங்கே தயாராகும் வண்டிகளின் பெயர்களாயின. திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிறந்தபோது அம்பத்தூர் அதில்தான் இருந்தது. 2018-இல்தான் சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஆக, தேர்வாய் கண்டிகைக்கு டயர்த் தொழில் வருவதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே அதே வட்டாரத்தில் சைக்கிள் தொழில் ஊன்றிவிட்டது. வடக்கே அட்லஸ், ஹீரோ என்று வேறு கம்பெனிகள் வந்தபோதும் எல்லோரும் செய்த வண்டி ஏறக்குறைய ஒன்றே: 28க்கு ஒன்றரை அங்குல டயர், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40, கம்பியால் இழுக்கும் பிரேக், பெடல் கட்டையை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின். எந்த ஊர்க் கடையில் வாங்கிய டியூபும் எந்த வண்டிக்கும் சேரும். இந்த ஒரே மாதிரித்தன்மைதான் தெருமுனை சைக்கிள் கடையைச் சாத்தியமாக்கியது. நாலு அளவு ஸ்பேனர், ஒரு டப்பா பால்ரஸ் குண்டு, ஒரு கட்டு போக்ஸ் கம்பி, கொஞ்சம் காட்டர் பின் இருந்தால் அங்கே வராத வேலை இல்லை.

அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலையை நின்று பார்த்தவர்களுக்கு அதன் நேர்த்தி தெரியும். வண்டியைச் சாய்த்துப்போட்டு, இரண்டு நெம்புக்கம்பியால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுப்பார். சக்கரத்தைக் கழற்றவே மாட்டார். டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கைப்பிடி கைப்பிடியாக முக்கிக்கொண்டே வருவார். குமிழி வரும் இடத்தில் ஒரு தீக்குச்சியைக் குத்தி அடையாளம் வைப்பார். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பழைய டியூபிலிருந்து கத்தரித்த துண்டின் மேலும் தடவி, இரண்டும் காயும்வரை காத்திருப்பார். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நிற்காது என்பது அவருக்கு அனுபவப் பாடம். பிறகு அழுத்திச் சுத்தியால் தட்டுவார். கடைசியாக, டியூபைத் திருப்பிப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பார். குத்திய முள் இன்னும் அங்கேயே இருந்தால் ஒட்டு போட்டதில் பயனில்லை. கால் மணி நேர வேலை. இதைச் செய்ய ஒவ்வொரு ஊர் எல்லையிலும் ஆள் இருந்தபோது, ஓட்டுகிறவர் எதற்காகப் பையைச் சுமக்க வேண்டும்? நம் வண்டியில் கேரியர் வந்தது, ஸ்டாண்ட் வந்தது, செயின் கவர் வந்தது. சீட்டுக்குப் பின்னால் தொங்கிய தோல்பை நிலைக்கவில்லை. முன்னெச்சரிக்கை உள்ளவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது வால்வ் டியூப் ஒன்றைத்தான். விரல் நீள மெல்லிய ரப்பர்க் குழாய், சில பைசா விலை. வெயிலில் இற்றுப்போனால் காற்று நிற்காது. ஓர் அங்குலம் வெட்டி மாட்டினால் வேலை முடிந்தது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். மக்கள் கருவி எடுத்துப்போகாததற்குக் காரணம் கடைகள் அல்ல, வறுமை. ஸ்பேனரும் பம்பும் வாங்கக் காசில்லை என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டியவர்கள் ஏராளம், அவர்களுக்கு வண்டியே சொந்தமில்லை. அந்த வண்டியின் கருவிப்பை என்பது வாடகைக் கடைக்காரரின் கடைதான். ஆனால் சொந்த வண்டி வைத்திருந்தவர்கள் கதை அப்படி அல்ல. ஒட்டுச் சாமான் வாங்கும் காசு, நாலைந்து தடவை பஞ்சர் ஒட்டக் கொடுக்கும் காசோடு சரியாகிவிடும். காசை எண்ணிச் செலவழிப்பவர்தான் முதலில் அதை வாங்கியிருக்க வேண்டும். அவர் வாங்கவில்லை, ஏனென்றால் கடை வாசலில் பம்பு இரவலாகக் கிடைத்தது, ஸ்பேனரும் கிடைத்தது. அதே மனிதர் அவசியமானதைக் காசு கொடுத்து வாங்கி வண்டியில் வைத்திருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால் டைனமோ பொருத்தினார். நகராட்சி கேட்டதால் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டினார். வழி எதைக் கேட்டதோ அது வண்டியில் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் சம பங்கு இருக்கவில்லை. சைக்கிள் கடை ஆண்கள் உட்கார்ந்து பேசும் இடம். 1991-92-இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்ற அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 2001-02 முதல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிள் பின்னர் எல்லாச் சமூக மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அந்தப் பெண்களுக்கு வழி என்பது அதே வழி அல்ல. பொழுது சாய்ந்த நேரத்தில் பஞ்சரான வண்டியோடு ஆண்கள் நிற்கும் கடையில் காத்திருப்பது ஒரு விலை. வீடுவரை தள்ளிக்கொண்டு போவது இன்னொரு விலை. பள்ளி சைக்கிளோடு ஓர் ஒட்டுப்பெட்டியும் அதைப் பயன்படுத்த ஒரு மணி நேரப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வண்டியைக் கொடுத்தவர்கள், அதன் பின்னால் நிற்கும் கடைகள் எப்போதும் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

இருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் பெருகியதும் வாடகை சைக்கிள் தொழில் படுத்தது. பழைய கடைகள் பல பைக் மெக்கானிக் கடைகளாக மாறின, சில மூடப்பட்டன. தொழிற்பேட்டைப் பக்கம் இந்த மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆலைப் பணியாளர்கள் கம்பெனி பஸ்ஸிலும் பைக்கிலும் வருகிறார்கள். சாலையைக் கன்டெய்னர் லாரிக்காக அகலமாக்குகிறார்கள். சைக்கிள் ரிப்பேர் பார்க்க ஓரத்தில் ஆள் உட்கார இடமும் இல்லை, காரணமும் இல்லை. வண்டியும் மாறிவிட்டது. கியர், டிஸ்க் பிரேக், 700 என்று எண் போட்ட மெல்லிய டயர், பென்சில் முனைபோல் ஒல்லியான பிரெஸ்டா வால்வ் — மிச்சமிருக்கும் கிராமத்துக் கடையில் இவற்றுக்கு உதிரி கிடைக்காது. 28 அங்குல டியூப் அங்கே தொங்கும், ஆனால் சேராது. அதனால் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குமுன் ஐரோப்பியச் சவாரிக்காரர் இருந்த நிலைக்கே நாம் வந்திருக்கிறோம். வழியில் ஆள் உண்டு, ஆனால் நம் வண்டியைத் தெரிந்த ஆள் இல்லை.

அப்படியானால் சென்னையிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் போகிறவர் பையில் என்ன இருக்க வேண்டும்? இந்த வழியில் டயரைக் குத்துபவை முக்கியமாக இரண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில், வெடித்துச் சிதறிய லாரி ரேடியல் டயர்களிலிருந்து உதிரும் மயிரிழை எஃகுக் கம்பி. உள்சாலைகளில் சீமைக் கருவேல முள். இரண்டும் டயருக்குள் புதைந்து நிற்கும், விரல் நகத்துக்கு அகப்படாது. டியூபை மாற்றிவிட்டு முள்ளை விட்டுவைத்தால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். வெளிநாட்டுப் பட்டியல்களில் அவ்வளவாக முக்கியத்துவம் பெறாத ஒரு கருவியை நான் முதலில் வைப்பேன்: முள்வாங்கி. நம் பாட்டிமார் இடுப்புச் சுருக்குப்பையில் வைத்திருந்த அதே சாமான். அடுத்து, தன் டயர் அளவுக்குச் சரியான டியூப் இரண்டு, நெம்புக்கம்பி, பம்பு. ஒட்டுப்பெட்டி மூன்றாவது பஞ்சருக்கு. வெயிலில் உட்கார்ந்து சொல்யூஷன் காயக் காத்திருப்பதைவிட டியூபை மாற்றிவிட்டு வீட்டில் ஒட்டுவது மேல். ஆலன் கீ செட், செயின் அறுந்தால் ஆணி தள்ளும் கருவி, கையால் பூட்டும் இணைப்புக் கண்ணி, கியரைத் தாங்கும் கொக்கித் துண்டு. இந்தக் கடைசிப் பொருள் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வடிவம் என்பதால் எந்த ஊரிலும் கைமாற்றாகக் கிடைக்காது. உடைந்தால் பயணம் நின்றுவிடும்.

டியூப்லெஸ் டயருக்கு இதெல்லாம் வேண்டாமே என்பார்கள். சிறு ஓட்டையை உள்ளே ஊற்றிய திரவம் அடைத்துவிடும் என்பது உண்மை. பக்கவாட்டில் கிழிந்தால் அடைக்காது, அப்போது டியூபைத்தான் போட வேண்டும். போன் இருக்கிறதே, வண்டி வரவழைத்துக்கொள்ளலாமே என்பது இன்னும் வலுவான கேள்வி. பட்டணத்துக்குள் அது சரியான பதில், அங்கே பை காலியாக இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் போன் வீட்டுக்குத்தான் கொண்டுசேர்க்கும், போகிற இடத்துக்கு அல்ல. மெட்ராஸ் ராண்டனேர்ஸ் போன்ற சங்கங்கள் நடத்தும் 200, 300, 400, 600 கிலோமீட்டர் சவாரிகளில் இந்த வேறுபாடு விதியாகவே இருக்கிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். கூடவே கார் வந்து உதவக் கூடாது; குறித்த சாவடிகளில் மட்டுமே சொந்த ஆள் உதவலாம். அதேசமயம் வழியில் இருக்கும் கடையில் யாரும் எதையும் வாங்கலாம், ரிப்பேர் செய்துகொள்ளலாம். கிறிஸ்தோஃப்பைத் தண்டித்த விதியைவிட இது மனிதத்தன்மையுள்ளது. சாலையோரத்து மனிதர்களை இது விலக்கி வைக்கவில்லை.

அந்த மனிதர்களில் இன்று மிச்சமிருப்பவர் லாரி பஞ்சர் கடைக்காரர். கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இரவிலும் விளக்கெரியும் கடைகள் அவருடையவை. அவரிடம் கம்ப்ரெசர் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, டயரைப் பற்றிய அறிவு நம்மைவிட அதிகம் இருக்கிறது. அவருடைய காற்றுக்குழாய் முனை லாரி, பைக் வால்வுக்குத்தான் பொருந்தும்; பிரெஸ்டா வால்வில் நிற்காது. இரண்டையும் இணைக்க ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது, சுண்டுவிரல் நக அளவு. பம்பு பழுதாகிப்போன நாளில் அவர் கடையைப் பயன்படுத்த அது ஒன்றே வழி, அதனால் அதை வால்விலேயே திருகிவைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.