மரியோவும் லூயிஜியும்: சிரிக்க வைத்த விளையாட்டு, மூடப்பட்ட நிறுவனம்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் வழியில் உள்ள மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் 1990களில் சிறு பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு மரியோ யார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. டிவியில் செருகி ஆடும் வீடியோ கேம் பெட்டி, அதற்கு ஒரு கேசட், அதில் ஓடிக்கொண்டே இருக்கும் மீசைக்காரர். அவருக்கு லூயிஜி என்று ஒரு தம்பி உண்டு. இரண்டாவது ஆளாக உட்கார்ந்து, அண்ணன் எப்போது சாவான் என்று காத்திருந்தவர்களுக்கு அவனை நன்றாகவே தெரியும்!

அந்தத் தம்பியின் பரிதாபத்தையே நகைச்சுவையாக்கிய ஒரு விளையாட்டு 2003 நவம்பரில் வந்தது. பெயர் ‘மரியோ அன்ட் லூயிஜி: சூப்பர்ஸ்டார் சாகா’. நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காகச் செய்யப்பட்டது. செய்தது ஆல்ஃபாட்ரீம் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம். ஸ்கொயர் நிறுவனத்தை விட்டு வந்தவர்கள் 2000ஆம் ஆண்டு தொடங்கியது அது. அதே ஸ்கொயர்தான் 1996இல் ‘சூப்பர் மரியோ ஆர்.பி.ஜி.’யைச் செய்து, மரியோவைக் கதை சொல்லும் விளையாட்டுக்குள் முதலில் கொண்டுவந்தது.

இது முறை வைத்து ஆடும் சண்டை விளையாட்டு. தாயம் மாதிரிதான். நான் ஒரு அடி, நீ ஒரு அடி. தாயத்தில் எதிராளி உருட்டும்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போதைய பெரும்பாலான ஆர்.பி.ஜி.களிலும் இதே கதைதான். ஆல்ஃபாட்ரீம் இந்த இடத்தில் கை வைத்தது. ‘ஏ’ பட்டன் மரியோவுக்கு, ‘பி’ பட்டன் லூயிஜிக்கு. எதிரி அடிக்க வரும்போது யாரைக் குறி வைக்கிறான் என்பதை அவனுடைய உடல் அசைவே காட்டிக்கொடுக்கும். சரியான நொடியில் சரியான பட்டனை அழுத்தினால் அடி விழாது. கவனம் பிசகாதவர் ஒரு அடி கூட வாங்காமல் சண்டையை முடித்துவிடலாம். தோற்றால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது, தன் விரலைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஆட்டக்காரர்கள் இன்றுவரை இந்த வரிசையைப் புகழ்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் சிரிப்பு. கதை என்னவோ எளிது. காக்லெட்டா என்ற சூனியக்காரி இளவரசி பீச்சின் குரலைத் திருடிவிடுகிறாள். அதை மீட்கச் சகோதரர்கள் பக்கத்து நாடான பீன்பீன் ராஜ்யத்துக்குப் போகிறார்கள். லூயிஜி போவது கூட விரும்பி அல்ல. அண்ணனை வழியனுப்ப வந்தவனை அப்படியே அள்ளிப்போட்டுக்கொண்டு போகிறார்கள். பழைய எதிரி பௌசருக்கோ அவன் பெயரே ஞாபகத்தில் நிற்பதில்லை. பச்சை மீசை என்றுதான் கூப்பிடுவான். கவுண்டமணி செந்தில் காமெடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஜோடி புரியாமல் போகாது. ஒரே வித்தியாசம், இங்கே அடி வாங்குபவன் மேல்தான் ஆட்டக்காரர்களுக்குப் பாசம்.

எல்லோரையும் விட அதிகம் பேசப்பட்டவன் ஃபாஃபுல். சூனியக்காரியின் கையாள். ஆங்கிலப் பதிப்பில் அவன் பேசுவது முழுக்க உடைந்த, கோணல்மாணலான ஆங்கிலம். பயங்கரமாக மிரட்டிக்கொண்டே போவான், நடுவில் சம்பந்தமே இல்லாமல் கடுகு வந்து விழும்! இந்தப் பேச்சை உருவாக்கியது நிண்டெண்டோவின் அமெரிக்க மொழிபெயர்ப்புக் குழு. மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தை அப்படியே பெயர்ப்பது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆடியவர்கள் மனப்பாடமாகச் சொல்லிச் சிரித்த வசனங்கள் அந்தக் குழு எழுதியவைதான்.

குறைகளும் சொல்லப்பட்டன. கடைசிச் சண்டை தொடங்கும்போது சகோதரர்கள் இருவருக்கும் உயிர்ப் புள்ளி வெறும் 1. முதல் சுற்றுத் தாக்குதலில் தப்பிக்கத் தெரியாதவர் அங்கேயே காலி. அதுவரை சிரித்துக்கொண்டு வந்தவர்கள் பலரும் இங்கே பல்லைக் கடித்தார்கள். அது நியாயமற்றது என்றார்கள் சிலர். இருபது மணி நேரம் கற்றுக்கொண்டதற்கு அதுதான் பரீட்சை என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவது கட்சி சொல்வதே சரி என்று தோன்றுகிறது.

இந்தியாவில் கேம் பாய் அட்வான்ஸ் எளிதில் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. கணினியில் எமுலேட்டர் போட்டு, விசைப்பலகையில் ஆடியவர்களே இங்கு அதிகம்.

2005இல் வந்த ‘பார்ட்னர்ஸ் இன் டைம்’ குழந்தை மரியோ, குழந்தை லூயிஜி என்று நான்கு பேருக்கு நான்கு பட்டன் கொடுத்தது. எதிரிகள் சாக நேரம் பிடிக்கிறது, சுற்றித் திரிய ஒரு உலகம் இல்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. அதைத் துடைத்தது 2009இல் நிண்டெண்டோ டி.எஸ். கருவிக்கு வந்த ‘பௌசர்ஸ் இன்சைட் ஸ்டோரி’. சகோதரர்களைப் பௌசர் விழுங்கிவிடுகிறான். மேல்திரையில் பௌசர் ஊர் சுற்ற, கீழ்த்திரையில் இவர்கள் அவன் வயிற்றுக்குள் அலைகிறார்கள். பௌசர் மலையளவு வளரும் சண்டைகளில் கருவியைப் புத்தகம் போலச் செங்குத்தாகப் பிடித்து, மைக்கில் ஊதினால் அவன் நெருப்புக் கக்குவான்! 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இந்த வரிசையில் எது சிறந்தது என்ற சண்டையில் இன்றும் இதற்கும் முதல் விளையாட்டுக்கும்தான் போட்டி.

அடுத்து வந்தவற்றில் ஆட்டக்காரர்களின் பொறுமை குறையத் தொடங்கியது. 2013இன் ‘ட்ரீம் டீம்’ அழகாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் பாடம் எடுத்தது. 2015இன் ‘பேப்பர் ஜாம்’ மீது வந்த புகார் இன்னும் கசப்பானது. ஃபாஃபுல் போன்ற புதுமுகங்கள் இல்லை, எங்கு பார்த்தாலும் ஒரே முகச்சாயலில் டோட்கள். சண்டை முறை முன்னைவிடக் கூர்மையாக இருந்தும் ‘சிரிப்பு வரவில்லை’ என்ற ஒரு சொல் அதை அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆல்ஃபாட்ரீம் பழையதையே புதுப்பித்தது. 2017இல் ‘சூப்பர்ஸ்டார் சாகா’, 2018 டிசம்பரில் ஜப்பானிலும் 2019 ஜனவரியில் மற்ற நாடுகளிலும் ‘இன்சைட் ஸ்டோரி’. இரண்டுமே 3டி.எஸ். கருவிக்கு. ஆனால் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2017 மார்ச்சிலேயே கடைக்கு வந்துவிட்டது. ஊரே புதுக் கருவிக்கு மாறிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் கொண்டாடிய கதை பழைய கருவியில் தனியாக நின்றது. வரிசையிலேயே மிகக் குறைவாக விற்றதும் அதுதான். 2019 அக்டோபரில் ஆல்ஃபாட்ரீம் திவாலானது. ஆட்டத்தைப் பிடிக்காமல் வாங்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பலரிடமும் அது பத்து வருடமாகவே இருந்தது, அவ்வளவுதான்.

2024 நவம்பரில் ஸ்விட்ச்சுக்கு ‘பிரதர்ஷிப்’ வந்தது. இம்முறை செய்தது அக்வயர் என்ற வேறு நிறுவனம், பழைய குழுவில் சிலரும் அதில் சேர்ந்திருந்தார்கள். தொடக்கம் மெதுவாக இருக்கிறது, நீளம் அதிகம் என்றெல்லாம் சொன்னார்கள். பழைய ரசிகர்களின் மனக்குறை இன்னும் சின்னது. சண்டையில் ‘ஏ’, ‘பி’ பட்டன்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் வழியில் நடக்கும்போது லூயிஜி தானாகவே அண்ணனைத் தொடர்ந்து குதித்துவிடுகிறான். அவனைத் தங்கள் விரலால் குதிக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை.