துண்டுச் சீட்டும் தோட்டத் தொழிலாளரும்

பூனாகலை முதலிய ஊவாத் தோட்டங்களின் வரலாற்றைக் கற்போர் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான பிணக்கையே பெரிதும் நோக்குவர். துரைக்கும் பெரிய கங்காணிக்கும் இடையெழுந்த ஒப்பந்தப் பிணக்கும் ஆராயத்தக்கதாகும்.

தமிழகத்திலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தவர் பெரிய கங்காணி. அதற்கெனத் தோட்டத்திடம் அவர் பெற்ற முற்பணம் தொழிலாளர் பெயரிற் கடனாயிற்று. வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்குமாக அவருக்குத் தலைக்காசும் கிடைத்தது. ஆகவே தொழிலாளர் தோட்டத்தினும் கங்காணிக்கே கட்டுப்பட்டிருந்தனர்.

துரையோடு பிணங்கிய கங்காணி 'துண்டு' கேட்பார். இன்ன தொகை செலுத்தப்படின் இக்கூட்டத்தை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே அது. அதனைக் காட்டி வேறு தோட்டத்திற் கூடிய முற்பணம் பெறுவார். புதிய தோட்டம் பழங்கடனைத் தீர்க்கும். எனினும் கடன் கொடுத்தவர் மாறினாரேயன்றித் தொழிலாளியின் கடன் ஒழியவில்லை. ஆட்பஞ்சக் காலத்தில் அது மேலும் ஏறிற்று. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

இத்தகைய பிணக்கு இக்காலத்துக்கும் புதிதன்று. 2010இல் அமெரிக்காவின் அக்டிவிஷன் நிறுவனம், தன் வீடியோ விளையாட்டுக் கூடமொன்றின் தலைவர்களான ஜேசன் வெஸ்ட், வின்ஸ் சம்பெல்லா இருவரையும் நீக்கியது. ஊழியர் பலர் அவர்களைப் பின்தொடர்ந்தனர். வழக்கு 2012இல் இணக்கமாக முடிந்தது. தலைவரோடு கூட்டமும் பெயர்தல் இரண்டிடத்தும் ஒன்றே. ஆயின் அவ்வூழியர் தம் விருப்பப்படி சென்றனர். நம் முன்னோரோ கடன் கணக்காகக் கைமாற்றப்பட்டனர். பேரத்தில் வாய்திறக்க இடமற்றோரே அதன் பாரத்தைச் சுமந்தனர் என்பதே துண்டின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.