உருக்கப்பட்ட பொற்பென்னி

சந்தையில் தோற்ற நாணயம் ஒன்று காலத்தை வென்ற கதையைக் கேளுங்கள்.

1257ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஹென்றி, அரியணையில் தான் வீற்றிருக்கும் உருவம் பொறித்த பொற்பென்னியை வெளியிட்டான். 2 வெள்ளிப் பென்னிகளின் நிறையுடைய அதற்கு 20 வெள்ளிப் பென்னிகள் மதிப்பென விதித்தான். அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு அது மிகப் பெருந்தொகை. இலண்டன் மக்கள் முறையிட்டனர். பின்னர், அதிலடங்கிய பொன்னின் விலை விதித்த மதிப்பை விஞ்சவே, காசுகள் உருக்கப்பட்டு மறைந்தன. 1344இல் மூன்றாம் எட்வேட் வெளியிட்ட, கப்பலில் நிற்கும் அரசனின் உருவங்கொண்ட ‘நோபிள்’ நாணயமே ஆங்கிலப் பொற்காசை நிலைபெறச் செய்தது.

வெற்றி பெற்ற நோபிள் காசுகள் பல இன்றும் சேகரிப்போர் கைக்கு எட்டுகின்றன. தோல்வியுற்ற பொற்பென்னிகளிலோ, அறியப்பட்டவை பத்துக்கும் குறைவே. 2021இல் டெவன் மாவட்ட வயலொன்றில் அகப்பட்ட பொற்பென்னி, 2022 சனவரியில் 648,000 ஸ்ரேலிங் பவுணுக்கு ஏலம் போயிற்று.

உருக்கியவர் பெற்றது சில பென்னி ஆதாயம். அழிந்ததோ ஓர் அரசின் பொருளாதார வரலாறு. பழங்காசொன்று நம் கையில் அகப்படின், அதன் நிறையைப் பார்க்குமுன் அதிலுள்ள எழுத்தைப் பார்ப்போமாக.