மெர்ல் ஓபெரான் மறைத்த ஊர்

1911இல் பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபெரான், டாஸ்மேனியாவில் பிறந்ததாகவே உலகுக்குச் சொன்னார். ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1939இல் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாயகியானார்.

அவரை மகளாக வளர்த்த சார்லட் செல்பி உண்மையில் பாட்டி. இலங்கையிலிருந்து வந்த கலப்பினப் பெண். விருந்தினர் வந்தால் அவரே வேலைக்காரியாகக் காட்டப்பட்டார் என்பார்கள்.

ஓபெரானைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடியேறிய இந்தியருக்கு 1946 வரை குடியுரிமை மறுத்த நாடு அமெரிக்கா. வெள்ளை நாயகனுக்கு ஆசியக் காதலியைத் தர ஹாலிவுட்டும் தயங்கியது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு நாயகி வேடம் கிடைத்திருக்காது.

புலம்பெயர்ந்த நாமும் பெயரைச் சுருக்கினோம், உச்சரிப்பை மாற்றினோம். ஆனாலும் வாசலில் நின்று, “இவர் என் அம்மா” என்று சொல்ல நமக்கு முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஹாலிவுட் அவரிடம் விலையாகக் கேட்டது.