எதிரி ஞானஸ்நானம் வாங்கிய பிறகு

மென்பொருள் வேலையில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஒரு ப்ராஜெக்ட் எதற்காக ஆரம்பித்ததோ அந்தத் தேவையே தீர்ந்திருக்கும். டீம் மட்டும் அப்படியே இருக்கும். டியூட்டானிக் சபையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இவர்கள் வாளேந்திய துறவிகள். வறுமை, பிரம்மச்சரியம், கீழ்ப்படிதல் என்று சபதம் எடுத்தவர்கள். ஆக்கர் முற்றுகையின்போது, 1190 வாக்கில், ஜெர்மானியர்களுக்கான மருத்துவமனையாகத் தொடங்கிய சபை, 13ஆம் நூற்றாண்டில் பால்டிக் கரைக்கு வந்து பிரஷ்யாவைப் பிடித்துத் தனி நாடே அமைத்துவிட்டது. 1309 முதல் மரியன்பர்க் கோட்டைதான் தலைநகரம்.

அடுத்த இலக்கு, கிறிஸ்தவத்தை ஏற்காத லிதுவேனியா. சதுப்பு நிலம் உறைந்துபோகும் குளிர்காலத்தில் படையெடுப்பார்கள். மேற்கு ஐரோப்பியப் பிரபுக்கள் விருந்தாளிகளாக வந்து சண்டை போட்டார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றியாக முடிசூடியவரும் 1390இல் வந்தவர்தான்.

ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பே, 1386இல், லிதுவேனிய மன்னர் யோகைலா ஞானஸ்நானம் பெற்று, போலந்து அரசி யாத்விகாவை மணந்து, போலந்துக்கும் மன்னராகிவிட்டார். மதம் மாற்றப் போர் என்றவர்களுக்கு இனி என்ன வேலை? "அந்த மதமாற்றமே போலி" என்றது சபை. சண்டை தொடர்ந்தது.

1410 ஜூலை 15, குருன்வால்ட் போர். கிராண்ட் மாஸ்டர் உல்ரிக் ஃபான் யுங்கிங்கன் களத்திலேயே இறந்தார். சபையின் கதை அன்றோடு முடிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரியன்பர்க் முற்றுகையைத் தாங்கிவிட்டது. 1411 உடன்படிக்கையில் போன நிலமும் குறைவுதான். உண்மையான அடி கஜானாவில் விழுந்தது. பெரும் நஷ்டஈடு, கூலிப்படைச் சம்பளம் இரண்டும் சேர்ந்து வரியாகக் குடிமக்கள் தலையில் இறங்கின.

இன்னொரு அடி கான்ஸ்டன்ஸ் திருச்சபைச் சங்கத்தில். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தங்கள் நிலத்தின்மேல் உரிமை உண்டு, வாளால் மதம் மாற்றக்கூடாது என்று போலந்து அறிஞர் பாவெல் வ்லோத்கோவிச் அங்கே வாதாடினார்.

1454இல் பிரஷ்ய நகரங்களும் பிரபுக்களும் சபைக்கு எதிராக எழுந்து போலந்து மன்னரிடம் போய்விட்டார்கள். பதின்மூன்று வருடப் போர். சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் சபை தன் கோட்டைகளையே கூலிப்படையிடம் அடகு வைத்தது. 1457இல் அவர்கள் மரியன்பர்க்கைப் போலந்து மன்னருக்கே விற்றுவிட்டார்கள்!

1410இல் எதிரிப் படையால் பிடிக்க முடியாத கோட்டை, சம்பள பாக்கியில் கைமாறியது. குருன்வால்டைவிட அந்த விற்பனைதான் சபையின் நிஜமான தோல்வி என்பது என் கட்சி.